கியாந்தியும் இலவம்பாடியும்

இத்தாலி போய் வந்தவர்கள் ஒரு நாள் பயணத்தைப் பற்றி மட்டும் சலிக்காமல் சொல்வார்கள். காலையில் ஃப்ளோரன்ஸில் பஸ் ஏறினால் கியாந்தி மலைச்சரிவு, திராட்சைத் தோட்டம், பழைய கோட்டை, மதியச் சாப்பாடு, இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். நம் வேலூர், ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் வியாபாரத்தை ஒட்டி அங்கே போனவர்கள் நிறைய பேர். கம்பெனி வேலையாகப் போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போய்ப் பார்த்தேன்.

பார்த்தது ப்ரோலியோ கோட்டை. 1141 முதல் ரிகாசோலி குடும்பத்தின் கையில் இருக்கிறது. அந்தக் குடும்பத்துப் பெட்டினோ ரிகாசோலி இரண்டு முறை இத்தாலியின் பிரதமராக இருந்தவர். கியாந்தி ஒயினில் எந்தெந்தத் திராட்சை சேரவேண்டும் என்று வகுத்ததும் அவரே. (ஒயின் எனக்குப் புளித்த மோர் மாதிரிதான் இருந்தது. கூட வந்தவர்கள் கோபித்துக் கொண்டார்கள்.)

கோட்டை என்று பார்த்தால் நமக்கு அங்கே அசந்துபோக ஒன்றுமில்லை. வேலூர்க் கோட்டை 16-ஆம் நூற்றாண்டுக் கருங்கல் கட்டு. சுற்றிலும் அகழி, உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, தேவாலயம். நெடுங்காலம் மூலவர் இல்லாமல் கிடந்த கோயிலில் 1981-இல் லிங்கம் திரும்ப வந்தது. திப்புவின் பிள்ளைகளை இங்கேதான் காவலில் வைத்தார்கள். கண்டியின் கடைசி அரசன் விக்கிரம ராஜசிங்கனும் சிறைப்பட்டு வந்து 1832-இல் இந்த ஊரிலேயே இறந்தான். 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த காரணங்களில் ஒன்று, புதுத் தலைப்பாகையில் வைக்கச் சொன்ன தோல் குஞ்சம். தோல் ஊர்க்காரர்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடலாமா!

ஆனால் அங்கே இருந்து இங்கே இல்லாத ஒன்று உண்டு. கோட்டை மதிலில் நின்று பார்த்தால் கீழே தோட்டம். தோட்டத்துக்காரரே வந்து இந்த மண் இப்படி, இந்தக் கொடி இப்படி என்று சொல்கிறார். அதைக் கேட்கத்தான் ஜனங்கள் காசு கொடுக்கிறார்கள். நம் கோட்டையைப் பார்த்தவனை அடுத்து எந்த வயலுக்குக் கூட்டிப் போவது?

ஒரு காலத்தில் பாலாற்றங்கரைக்கே போகலாம். நெல்லும் தென்னையும் இருந்தன. 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, தோல் பட்டறைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக ஓர் ஆய்வைக் குறித்தது. கெடுத்தவனே ஈடுகட்ட வேண்டும் என்றது. 2025 ஜனவரியிலும் அதே கோர்ட் இந்த இழப்பீட்டைப் பற்றி மறுபடி பேச வேண்டியிருந்தது.

தோல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டில் உலை கொதித்தது அந்தச் சம்பளத்தில்தான். ஆனால் சாண்டா குரோச்சேயும் தோல் ஊர்தான், ஆர்னோ ஆற்றுக் கரையில் இருக்கிறது. அங்கேயும் ஆறு நாறிய காலம் உண்டு. அதன் பக்கத்து மலைகளில் இன்றும் திராட்சை காய்க்கிறது. தோலும் தோட்டமும் ஒரே மாவட்டத்தில் இருக்க முடியாது என்று நம் ஆட்கள் சொல்வதை அதனால்தான் நான் ஒப்புக்கொள்வதில்லை.

நம்மிடம் மிச்சம் இருப்பதைச் சொல்கிறேன். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடி முள் கத்திரிக்காய். காம்பில் கையை வைத்தால் குத்தும், வெந்தால் வெண்ணெய். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கியாந்தி என்ற பெயர் ஒயினுக்கு எப்படியோ, இலவம்பாடி என்ற பெயர் இந்தக் காய்க்கு அப்படி. காலையில் கோட்டை, பிறகு கண்டி அரசனின் முத்துமண்டபம், பதினொரு மணிக்கு இலவம்பாடித் தோட்டத்தில் விவசாயியே பேசட்டும், பறித்த காயோடு ஆம்பூர் போய்ச் சீரகச் சம்பா பிரியாணிக்குப் பக்கத்தில் அதே கத்திரிக்காய். சுற்றுலாத் துறை ஒரு பஸ் விட்டால் போதும். விவசாயிக்கு அன்றைய பேச்சுக்குக் கூலி கொடுக்கவேண்டும், அதில் கஞ்சத்தனம் கூடாது.

அந்தக் கிணறுகளில் நல்ல தண்ணீர் இருக்கும்வரைதான் அந்தக் காய். ஆகவே பஸ் முத்துமண்டபத்தில் நிற்கும்போது பத்து நிமிஷம் சேர்த்தே நிற்கட்டும். மண்டபம் பாலாற்றங்கரையில்தான் இருக்கிறது. இறங்கி ஆற்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டு ஏறட்டும்.