சலுகையன்று, உரிமை!

கற்பிட்டிக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தோணிகள் கரையேறுகின்றன. மீனவக் குடும்பங்கள் முதலாளியிடம் முற்பணம் வாங்குகின்றன. பின்னர் பிடிக்கும் மீனுக்கு விலை கூறுபவன் கடன் கொடுத்தவனே!

2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவிப்பணம் வங்கிக் கணக்கிற்கே வருகிறது. மிக வறிய குடும்பத்துக்கான உச்சத் தொகை 2025இல் 15,000 ரூபாவிலிருந்து 17,500 ரூபாவாக உயர்ந்தது. மாதந்தோறும் அது வந்தால் அடுப்பெரியும். பிள்ளை பள்ளி செல்லும். கடன் தளையும் தளரும்.

ஆனால், பட்டியலில் இடம்பெறாதார் கதி யாது? இத்திட்டத்துக்கு அடிப்படையான 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் மேன்முறையீட்டுக்கு வழி வகுத்துள்ளது. காரணம் அறியாதவன் எதனை எதிர்த்து முறையிடுவான்? தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியே. ஆதலின், மறுப்புக்கான காரணத்தைத் தமிழில், எழுத்தில் தருக! இது இரந்து பெறும் சலுகையன்று. சட்டம் வழங்கிய உரிமை என்பதை அரசாங்கத்துக்கு நினைவூட்டுகிறோம்.