அறைந்தால் உண்மை வருமா?



1998-இல் தொடங்கி 2018 வரை ஓடி, 2024 டிசம்பரில் மீண்டும் வந்த 'சி.ஐ.டி.' இந்தித் தொடரை நம்மில் பலர் அறிவோம். ஏ.சி.பி. பிரத்யுமனாக நடித்த சிவாஜி சாட்டம் முன்பு வங்கி ஊழியர். கதவுகளை உடைக்கும் தயாவாக வந்த தயானந்த் ஷெட்டி வட்டெறிதல் வீரர். வட்டெறிந்த தோளுக்குக் கதவு எம்மாத்திரம்! வேடப் பொருத்தம் அருமைதான்.

ஆனால் தயா ஓர் அறை விட்டதும் குற்றவாளி உண்மையைக் கக்குவது மட்டும் வாழ்க்கையோடு பொருந்தவில்லை. அடிக்கு அஞ்சியவர் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்வார். ஆகவேதான் போலீசாரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் குற்றத்தை நிரூபிக்காது என 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் விதித்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டமும் அதையே கூறுகிறது.

சென்ற ஆண்டு என் பேனா காணாமற் போயிற்று. ஒரு தோழியைச் சூழ்ந்து நின்று மிரட்டினோம். அவள் அழுதுகொண்டே, "நான்தான் எடுத்தேன்" என்றாள். மாலையில் பேனா என் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது! மன்னிப்புக் கேட்டேன், அவள் மன்னித்தாள். என் மனம்தான் இன்னும் மன்னிக்கவில்லை.

லத்திகா சரண் 2010-இல் தமிழகக் காவல்துறைத் தலைவரானார். நாளை அரியலூர், பெரம்பலூர்ப் பெண்ணொருத்தியும் ஆகலாம். அவள் கையை ஓங்காமல் சான்றைத் தேடுவாளாக!