தோனிக்கு விடை கொடுத்திருக்கலாம்

படித்துவிட்டு சண்டைக்கு வராதீர்கள். சென்னை அணி தோனியை 2026-க்கும் தக்கவைத்தது சரியில்லை என்பது என் எண்ணம்.

சம்பளம் 4 கோடி அந்த அணிக்குப் பெரிதே அல்ல. பதினோரு பேரில் ஒரு இடம் போகிறதே! 2025 மார்ச்சில் சேப்பாக்கத்தில் பெங்களூருக்கு எதிராக ஒன்பதாவது ஆளாக இறங்கி 16 பந்தில் 30 அடித்தார். அரங்கமே எழுந்து ஆடியது. ஆட்டம் 50 ரன்னில் தோல்வி. அந்த வருடம் 14 ஆட்டத்தில் நாலே வெற்றி, பட்டியலில் கடைசி.

ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துத்தான் சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் 10 ரன் எடுத்துக் கோப்பை தந்தவர் ஜடேஜா. 36 வயதில் அவரை அனுப்ப மனம் வந்தது. 44 வயதுக்காரரிடம் சொல்ல வாய் வரவில்லை. சாம்சனும் கீப்பர்தானே?

தனுஷ்கோடி மணலில் மட்டை பிடிக்கும் பொடியன்கள் முதுகில் இன்னும் 7-ஆம் எண்தான். எனக்கும் அவரைப் பிடிக்கும். வயது வந்ததும் எங்களையெல்லாம் மாலை போட்டு அனுப்பினார்கள், பள்ளிக்கூடம் ஓடத்தானே செய்கிறது? பயிற்சியாளராக வைத்துக்கொள்ளட்டும். இளம் கீப்பர்களுக்கு அவரைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார்.