துறைமுகப் பட்டணமும் பல்கலைக்கழகமும்

பயணம் என்றாலே நம் மாணவர் மனத்தில் கேமரன் மலை, லங்காவி, பினாங்கு ஆகிய மூன்றுதான் முதலில் வருகின்றன. ஆண்டுச் சுற்றுலாவுக்கு இடம் தேடும் கூட்டங்களிலும் இதே பட்டியல்தான் ஓடுகிறது. நம் ஜொகூர் மாநிலத்திலேயே இருக்கும் மூவாரையும் பத்து பகாட்டையும் யாரும் முன்மொழிந்து நான் கேட்டதில்லை.

மலாக்கா நீரிணையைப் பார்த்து அமைந்த இவ்விரு ஊர்களும் உடன்பிறப்புகளைப் போன்றவை. ஆறு கடலில் கலக்கும் இடம், படகுகள், வரிசையாகப் பழைய கடைவீடுகள், அவசரமில்லாத மனிதர்கள். அதிலும் மூவார் எனக்குத் தனிப் பிரியம். சுல்தான் அபு பக்கார் காலத்தில் எழுந்த பண்டார் மகாராணி அது. 1929 வரை அவ்வூருக்கென்றே ஒரு சிறு இரயில் ஓடியது. 1925இல் தொடங்கி 1930இல் முடிந்த சுல்தான் இப்ராகிம் பள்ளிவாசல் ஆற்றுமுகத்தில் ஐரோப்பிய அரண்மனைபோல் நிற்கிறது. மீ பண்டோங், ஒத்தாக்-ஒத்தாக் பற்றி எழுதத் தொடங்கினால் பக்கம் போதாது. அங்கே காலைப் பசியாறலுக்கே சாத்தே கிடைக்கும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இரண்டு ஊர்களுக்கும் பல்கலைக்கழகத் தொடர்பு உண்டு. ஆனால் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் பத்து பகாட் நகரில் இல்லை, உள்நாட்டில் பாரிட் ராஜாவில் இருக்கிறது. மூவாருக்கு அருகில் எழுந்த உயர்கல்வி மையமும் நெடுஞ்சாலையோரம் பாகோவில்தான். எனவே மூவார் ஆற்றங்கரையில் உலாவும் பயணியின் கண்ணில் மாணவர் கூட்டம் படுவதில்லை. மாணவரும் விடுதி, விரிவுரை, பேரங்காடி என்று நான்கு ஆண்டுகளைக் கழித்துவிட்டு, அருகில் ஒரு பழைய துறைமுகம் இருப்பதை அறியாமலே பட்டம் பெற்றுப் போகிறார். இது இருவருக்கும் இழப்பு என்பதே என் கருத்து.

பிற நாடுகளைப் பாருங்கள். வேல்சு நாட்டின் அபெரிஸ்ட்வித் என்ற சிறு கடற்கரை ஊரில் 1872இல் கல்லூரி தொடங்கியபோது, கடலோரத்தில் இருந்த ஒரு தங்கும் விடுதிக் கட்டடத்தையே எடுத்துக்கொண்டார்கள். ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் 1413ஆம் ஆண்டுப் பழமையுடையது. அங்கே மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்து சிவப்பு அங்கியோடு துறைமுகச் சுவர்மேல் நடந்து போவது நெடுங்கால வழக்கம். அதைக் காணவே பயணிகள் வந்ததுண்டு! அவ்வளவு தூரம் வேண்டாம். நம் முன்னோர் பலர் 'ரஜூலா' கப்பலேறிய நாகப்பட்டினத்தில், 2012இல் தமிழ்நாட்டு மீன்வளப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டு வெட்டாற்றங்கரையில் இயங்குகிறது. துறைமுக ஊருக்கு மீனைப் பற்றிய படிப்பு! எவ்வளவு பொருத்தம்!

நிலம் மலிவு, ஆய்வுக்கூடங்களுக்கு இடம் வேண்டும், அதனால்தான் உள்ளே போனார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நியாயமே. ஆனால் மொழி வகுப்புக்கும் கண்காட்சிக்கும் நூறு ஏக்கர் தேவையா? ஆற்றோரத்தில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி போதாதா? சனிக்கிழமை தோறும் விடுதிக்கும் ஆற்றங்கரைக்கும் ஒரு பேருந்து விட்டாலே பாதி வேலை முடிந்தது.

நான் இதை வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூவாரைச் சுற்றிலும் இரப்பர் தோட்டங்கள் இருந்தன. தோட்டப்புறத் தமிழருக்குத் தீபாவளித் துணியும் நகையும் பாத்திரமும் இந்தப் பட்டணத்துக் கடைகளில்தான். 1967இல் சுல்தான் இஸ்மாயில் பாலம் திறப்பதற்கு முன்பு ஆற்றைப் படகில் கடந்த நினைவுள்ளவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பிள்ளைகள் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டனர். அந்தத் தாத்தா பாட்டிகளிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிவைக்க யார் இருக்கிறார்கள்? சுற்றுலாத் துறை செய்யாது. பக்கத்தில் படிக்கும் தமிழ் மாணவர்தாம் செய்ய வேண்டும். பாகோவிலிருந்து அரை மணி நேரப் பயணம், கையில் ஒரு ஒலிப்பதிவுக் கருவி, அதுவும் இப்போது கைப்பேசியிலேயே இருக்கிறது. இன்னும் பத்து ஆண்டுகள் தள்ளிப் போட்டால் கேட்பதற்கு ஆளிருக்க மாட்டார்கள்.

நம் கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். ஸ்கூடாயிலிருந்து காலையில் புறப்பட்டால் பத்து பகாட்டில் பசியாறலாம். மதியம் மூவாரில் பெரியவர்களோடு உரையாடல், மாலையில் ஆற்றோர நடை, இரவே விடுதிக்குத் திரும்பிவிடலாம். கேமரன் மலைக்கு ஆகும் செலவில் பாதிகூட ஆகாது. செயற்குழுவினர் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேச்சுக்கு எடுத்துக்கொண்டால், பெயர் கொடுக்கும் முதல் ஆள் நான்.