டெபியன் பழசுதான், அதுக்கென்ன?

"டெபியனா? அதுல எல்லாமே பழைய வெர்ஷன்டா!" ஹாஸ்டலில் லினக்ஸ் பேச்சை எடுத்தாலே யாராவது இப்படிச் சொல்லிவிடுகிறார்கள். உண்மைதான். டெபியன் ஸ்டேபிள் ஏறத்தாழ இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும். 2002-ல் 3.0 வந்த பிறகு, 3.1 வருவதற்கு 2005 ஆகிவிட்டது. அந்த இடைவெளியில்தான், 2004 அக்டோபரில், ஆறு மாசத்துக்கு ஒரு ரிலீஸ் என்று உபுண்டு உள்ளே நுழைந்தது.

ஆனால் 2024 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். ஃபைல்களைக் கம்ப்ரெஸ் செய்யும் எக்ஸ்இசட் கருவியின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில், அதைப் பராமரித்தவர்களில் ஒருவரே பேக்டோர் வைத்திருந்தார். டெபியன் ஸ்டேபிளில் இருந்ததோ பழைய வெர்ஷன், தப்பித்தது. புதுசை உடனே ஏற்றிக்கொண்ட டெபியன் அன்ஸ்டேபிளும் ஃபெடோரா ராஹைடும் மாட்டிக்கொண்டன.

"அப்போ லேட்டா வர்றதுதான் நல்லது"ன்னு முடிவு கட்டிடாதீங்க. அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் ஓட்டிக்கொண்டிருந்ததே அன்ஸ்டேபிள்தான்! எஸ்எஸ்எச் லாகின் ஏன் அரை நொடி இழுக்கிறது என்று தோண்டினார், சிக்கியது. எல்லோரும் ஸ்டேபிளிலேயே உட்கார்ந்திருந்தால், அந்த பேக்டோர் அடுத்த ஸ்டேபிளுக்குள் சத்தமில்லாமல் ஏறியிருக்கலாம்.

என்னைக் கேட்டால், லேப் சர்வருக்கு ஸ்டேபிள்தான். ப்ராஜெக்ட் டெமோவுக்கு முந்தின நாள் அப்டேட் பக்கமே போகாதீங்க. ஆனா சொந்த லேப்டாப்புல, பேக்கப் எடுத்துட்டு, டெஸ்டிங் ஓட்டிப் பாருங்க. ஏதாவது உடைஞ்சா திட்டிட்டு விட்டுடாம, பக் ரிப்போர்ட் போடுங்க. டெபியனில் அதுக்குன்னே 'ரிப்போர்ட்பக்' என்று ஒரு கருவி இருக்கிறது. காலேஜ் வைஃபையில் அது போய்ச் சேருமா என்பது வேறு கதை.