குழந்தைக்கும் வேண்டும் ஒரு 'காஷன் ஆர்டர்'

சென்ற மாதம் நம் சங்கத்து அன்பர் ஒருவரின் நான்கு வயதுப் பேரனுக்குத் திடீரென்று ஆபரேஷன். இங்கே நாக்பூரில்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். குழந்தை நன்றாக இருந்தான். அன்பர் என்னைத் தனியே அழைத்து, "குழந்தைகிட்ட ஒண்ணுமே சொல்லலை சார். பார்க்குக்குப் போறோம்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தோம். சமாளிச்சிட்டோம்" என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. எனக்கோ பழைய நினைவு ஒன்று வந்து நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அதே காரியத்தை நானும் செய்தவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1990ஆம் ஆண்டு. நாக்பூர் - இட்டார்சி பாதையில் பாந்துர்ணாவில் பி.டபிள்யூ.ஐ. ஆக இருந்தேன். தண்டவாளம்தான் என் உலகம். மகனுக்கு ஐந்து வயது. ஒரு நாள் குளிப்பாட்டும்போது அடிவயிற்றின் ஓரத்தில், தொடை தொடங்கும் இடத்தில், எலுமிச்சை அளவு வீக்கம் தெரிகிறது என்று மனைவி சொன்னாள். அழுதால் பெரிதாகிறது, படுத்தால் மறைகிறது என்றாள். "ரெயில் மாத்தற வேலை முடியட்டும், நாக்பூர் போய்க் காட்டலாம்" என்றேன். வேலை முடிய ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் ஒரு மாலை அந்த வீக்கம் உள்ளே போகாமல் கல்லாக இறுகிவிட்டது. பையன் துடித்தான், வாந்தி எடுத்தான். அன்று இரவு கிடைத்த வண்டியில் ஏறி, சுமார் நூறு கிலோமீட்டர் தாண்டி நாக்பூர் வந்து சேர்ந்தோம்.

குடலிறக்கம், அதாவது ஹெர்னியா என்றார் டாக்டர். லேசாக மயங்க மருந்து கொடுத்து, மெல்ல மெல்ல அழுத்திக் குடலை உள்ளே அனுப்பினார். வீக்கம் தணிந்ததும், நாளை மறுநாள் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை பையன் வார்டில் ஓடி விளையாடினான். அதுதான் எங்களுக்குச் சோதனை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து கும்பகோணத்துக்குப் பேசினேன். "விளையாடற பிள்ளைக்குக் கத்தி எதுக்குடா? ஊருக்குக் கூட்டிட்டு வா. காசை வச்சுக் கட்டினா சரியாப் போயிடும்" என்றார் அப்பா. அம்மா அழுதாள். மனைவிக்கு இந்தியும் தெரியாது, மராட்டியும் தெரியாது. கலங்கி நின்றாள்.

டாக்டரிடமே போய்க் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். தொப்புளில் வரும் வீக்கம் வேறு. அது பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். காசு கட்டாவிட்டாலும் மூடும். அடிவயிற்றின் ஓரத்தில் வருவது அப்படி அல்ல. பிறப்பதற்கு முன்பே மூடியிருக்க வேண்டிய வழி ஒன்று மூடாமல் நின்றுவிடுகிறது. அழுததாலோ, தாய் தூக்கிய விதத்தாலோ வந்தது அல்ல. அது தானே மூடாது. மறுபடி குடல் சிக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று அழுகிவிடக்கூடும். "உங்கள் ஊருக்கு ரயிலில் எத்தனை நேரம்?" என்று கேட்டார். ஒரு பகலும் ஒரு இரவும் என்றேன். "வழியில் சிக்கிக்கொண்டால் எந்த ஸ்டேஷனில் இறங்குவீர்கள்?" என்றார். ரயில்வேக்காரனான என்னிடம் அதற்குப் பதில் இல்லை. கையெழுத்துப் போட்டேன். அந்த முடிவைப் பற்றி இன்றுவரை எனக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் அடுத்து நான் செய்த காரியத்தைப் பற்றித்தான்.

"எப்பப்பா வீட்டுக்குப் போறோம்?" என்று பையன் கேட்டான். "நாளைக்கு வயித்தை ஒரு போட்டோ எடுத்துட்டுப் போயிடலாம்" என்றேன். ஆபரேஷன் அன்று காலை பால் கேட்டான். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் எதுவும் இருக்கக் கூடாது. அதைச் சொல்லாமல், "பால்காரன் இன்னும் வரலை" என்றேன். பக்கத்துக் கட்டில் குழந்தை பால் குடிப்பதை அவன் பார்த்தான். என்னையும் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

தியேட்டர் வாசலில் நர்ஸ் அவனைத் தூக்கிக்கொண்டாள். கதவு திறந்து உள்ளே விளக்கையும் முகமூடி போட்டவர்களையும் கண்டதும், "அப்பா, பொய் சொன்னே! நீ பொய் சொன்னே!" என்று வீறிட்டான். கதவு மூடிக்கொண்டது. சத்தம் மட்டும் சிறிது நேரம் கேட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். தழும்புகூட விரைவில் மங்கிவிட்டது. ஆனால் அதன்பின் பல மாதங்கள் என்னோடு தனியாக எங்கும் வர மாட்டான். முடிவெட்டக் கூப்பிட்டாலும் அம்மாவிடம் போய், "நிஜமாவே முடிவெட்டத்தானா?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவான்.

நன்மை தருமானால் பொய்யும் வாய்மைக்கு ஒப்பு என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிற்காலத்தில் நிதானமாக யோசித்தபோதுதான் புரிந்தது. வள்ளுவர் கேட்டது குற்றமில்லாத நன்மையை. என் பொய்யால் யாருக்கு நன்மை? குழந்தைக்கு இல்லை. அவன் அழுவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அந்தப் பொய் என் வசதிக்காக.

ரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. பாதையில் ஓரிடம் பலவீனமாக இருந்தால், முன்னதாகவே ஒரு ஸ்டேஷனில் டிரைவர் கையில் காஷன் ஆர்டர் கொடுத்துவிடுவோம். இந்தக் கிலோமீட்டரிலிருந்து இந்தக் கிலோமீட்டர் வரை, இவ்வளவு வேகம்தான் என்று அதில் இருக்கும். டிரைவர் பயந்துவிடுவார் என்று யாரும் அதை மறைப்பதில்லை. தெரிந்தால்தான் அவர் தயாராக வருவார். முப்பத்தொன்பது வருடம் டிரைவர்களை அப்படி நம்பியவன், பெற்ற பிள்ளையை ஒரு நாள் நம்பவில்லை.

2023இல் பேத்திக்கு ஐந்து வயது. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி வலப்பக்கம் இறங்கியது, காய்ச்சலும் வந்தது. அப்பெண்டிக்ஸ், உடனே எடுக்க வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மகனிடம், "குழந்தைகிட்ட ஒண்ணும் சொல்லிடாதேப்பா. போட்டோ எடுக்கப் போறோம்னு சொல்லு" என்றேன். அவன் என்னைச் சற்று நேரம் பார்த்தான். "எங்கிட்டயும் நீங்க அதையேதான் சொன்னீங்கப்பா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. முப்பத்து மூன்று வருடமாக அவன் அதை மறக்கவில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு அவன் மகளின் கட்டிலில் உட்கார்ந்தான். "உன் வயித்துக்குள்ள ஒரு குட்டிக் குழாய் வீங்கியிருக்கு. டாக்டர் அதை எடுத்துடுவார். அப்ப நீ நல்லாத் தூங்கிட்டிருப்பே, உனக்குத் தெரியாது. முழிச்சதும் கொஞ்சம் வலிக்கும், மருந்து குடுப்பாங்க. நீ முழிக்கும்போது அம்மா பக்கத்துல இருப்பா" என்றான். அவள் அழுதாள். பிறகு மூன்று கேள்வி கேட்டாள். நடுவில் முழித்துக்கொண்டால்? டாக்டர் முழிக்க விடமாட்டார். பொம்மை கூட வரலாமா? கேட்டுச் சொல்கிறேன். நிறைய சாக்லேட் தின்றதாலா இப்படி? இல்லவே இல்லை, உன் தப்பு எதுவும் இல்லை.

அந்த மூன்றாவது கேள்வி என்னை உலுக்கிவிட்டது. "அடம் பிடிச்சா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடுவேன்" என்று நாம் விளையாட்டாகச் சொல்லி வளர்க்கிறோம். அதைக் கேட்டு வளர்ந்த குழந்தை ஆபரேஷனைத் தண்டனை என்று நினைப்பதில் என்ன ஆச்சரியம்? அன்று என் மகனும் அப்படித்தான் நினைத்திருப்பானோ? நான்தான் அவனைக் கேட்கவிடவில்லையே.

உண்மையைச் சொன்னால் குழந்தை அழாது என்று நான் சொல்லவில்லை. பேத்தியும் தியேட்டர் வாசலில் அழுதாள். ஆனால் மயக்கம் தெளிந்ததும் அவள் சொன்னது, "நீ சொன்ன மாதிரியே வலிக்குதுப்பா." அவ்வளவுதான். வலித்தது, ஆனால் அப்பா சொன்னது நடந்தது. அதன்பின் மருந்து கொடுத்தாலும், மெல்ல நட என்றாலும் அவள் கேட்டாள்.

நம் இளம் பெற்றோர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். சிறு குழந்தைக்கு ஒரு நாள் முன்னால் சொன்னால் போதும். பள்ளிக்குப் போகிற குழந்தைக்குச் சில நாள் முன்பே சொல்லலாம். அவசர ஆபரேஷன் என்றால் கிடைக்கிற பத்து நிமிடத்தில் சொல்லுங்கள். "வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். பட்டினி விஷயத்தில் இரக்கம் வேண்டாம். வழக்கமாகத் திட உணவும் பாலும் ஆறு மணி நேரம் முன்பும், தாய்ப்பால் நாலு மணி நேரம் முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் டாக்டர் சொன்னதே சட்டம். பாவம் என்று ஒளித்துக் கொடுக்கிற ஒரு பிஸ்கட், மயக்கத்தில் வாந்தியாகி மூச்சுக்குழலுக்குள் போகலாம். கொடுத்துவிட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

தாத்தா பாட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. ஊரில் அப்படிச் சொல்வார்கள், இப்படிச் செய்வார்கள் என்று போனில் கலக்காதீர்கள். உறவுகள் பக்கத்தில் இல்லாத ஊரில் பிழைக்கிறோம். அன்று ரயில்வே காலனியிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் மூன்று நாளும் ரசம் சாதம் கொண்டுவந்து, என் மனைவிக்காக நர்ஸிடம் இந்தியில் பேசிக் கொடுத்தது. நம்மால் முடிந்தது அதுதான். அதைச் செய்வோம்.

அந்த அன்பரின் பேரன் வீட்டுக்கு வந்துவிட்டான். இனியாவது அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "பார்க்குன்னு சொன்னது தப்புதான் கண்ணா" என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்பது என் ஆசை. நான் அதைச் சொல்ல முப்பத்து மூன்று வருடம் ஆயிற்று.