ஓர் ஆட்டத்துக்கா இவ்வளவு தூரம்?

தென் மண்டலப் பல்கலைக்கழக ஹாக்கிப் போட்டிக்கு ஓர் அணி கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டுப் பையன்கள், ஒரு மேனேஜர், ஒரு கோச். ஒரு ராத்திரியும் அரைப் பகலும் ரயில். போய்ச் சேர்ந்த ஊரில் ஹாஸ்டல் வராந்தாவில் பாய் விரித்துப் படுக்கை. மறுநாள் காலையில் ஆட்டம், மொத்தம் 60 நிமிடம். இரண்டுக்கு ஒன்று என்று தோல்வி. மதியம் சாப்பாடு, சாயங்காலம் திரும்பவும் ரயில். அந்தப் பையன்களுக்கு அந்த வருஷத்துப் பல்கலைக்கழக ஹாக்கி அத்தோடு முடிந்தது.

இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் டோர்னமெண்ட். நான் அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன். என் பாஷையில் சொன்னால் இது விளையாட்டு அல்ல, ஃபைலை மூடுவது. நம் நாட்டில் கல்லூரி விளையாட்டு வளராமல் கிடப்பதற்குப் பணத்தையும் மைதானத்தையும் காரணம் காட்டுகிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இந்த நாக் அவுட் முறையைத்தான் என்பது என் கட்சி.

முறை எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1925-ல் இன்டர் யுனிவர்சிட்டி போர்டு என்று ஆரம்பித்த அமைப்புதான் இன்றைய இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம். அது நாட்டை மண்டலங்களாகப் பிரித்துப் போட்டி நடத்துகிறது. ஒவ்வொரு மண்டலத்திலும் முதல் நான்கு இடம் பிடிப்பவர்கள் அகில இந்தியப் போட்டிக்குப் போகிறார்கள். நோட்டீஸில் 'நாக் அவுட் கம் லீக்' என்று போட்டிருக்கும். முதலில் நாக் அவுட் வைத்து வடிகட்டுவார்கள். மிஞ்சிய நான்கு அணிகள் மட்டும் லீக் ஆடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 32 அணிகள் வருகின்றன என்று வைப்போம். முதல் சுற்றிலேயே 16 அணிகள் ஆளுக்கு ஓர் ஆட்டத்தோடு மூட்டை கட்டும். எட்டு அணிகள் இரண்டு ஆட்டத்தோடு, நான்கு அணிகள் மூன்று ஆட்டத்தோடு போகும். கடைசி நான்கு அணிகளுக்கு மட்டும் ஆளுக்கு ஆறு ஆட்டம். அதாவது ஏற்கெனவே நன்றாக ஆடுகிறவனுக்கு ஆறு, ஆடிப் பழக வேண்டியவனுக்கு ஒன்று. நன்றாகப் படிக்கிற பையனுக்கு மட்டும் வருஷம் முழுக்கப் பாடம் நடத்திவிட்டு, மற்றவனை முதல் நாளே பரீட்சை வைத்து வீட்டுக்கு அனுப்பும் பள்ளிக்கூடத்தை யாராவது ஒப்புக்கொள்வோமா?

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு இரண்டு வார்த்தை வைத்திருக்கிறார்கள். ஒன்று 'கூப்', அதாவது கோப்பை. தோற்றால் வெளியே. இன்னொன்று 'ஷாம்பியொனா'. அதில் எல்லோரும் எல்லோருடனும் ஆட வேண்டும். அதுவும் நம் ஊரில் ஒரு தடவை, அவர்கள் ஊரில் ஒரு தடவை, 'ஆலே' என்றும் 'ரெத்தூர்' என்றும். பிரெஞ்சுக் கோப்பை முதல் உலகப் போர் நடக்கும்போதே, 1917-ல் தொடங்கியது. சின்ன ஊர் அணிகூட அதில் பெயர் கொடுக்கலாம். ஆனால் அந்தச் சின்ன ஊர் அணி கோப்பையில் முதல் ஆட்டத்திலேயே தோற்றாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சும்மா இருப்பதில்லை. அதற்கு ஷாம்பியொனா இருக்கிறது. கோப்பை என்பது திருவிழா மாதிரி, லீக் என்பது தினப்படி வேலை மாதிரி. நாம் திருவிழாவை மட்டும் வைத்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டோம். இரண்டுக்கும் டோர்னமெண்ட் என்று ஒரே வார்த்தையைச் சொல்லிப் பழகியதால் என்ன இழந்தோம் என்பதுகூடத் தெரியவில்லை.

திருவிழாவை நான் குறை சொல்லவில்லை. பொங்கலுக்கு எங்கள் கனகசெட்டிக்குளம் பக்கத்துக் கிராமங்களில் விளக்குப் போட்டு விடிய விடியக் கபடி நடத்தினால் நாக் அவுட்தான் சரி. விடிந்தால் எல்லோரும் வேலைக்குப் போக வேண்டும். ஆனால் கல்லூரி என்பது ஒரு ராத்திரி சமாச்சாரம் இல்லை, மூன்று வருஷம்.

இப்போது அமெரிக்கா பக்கம் வாருங்கள். அங்கே நியூயார்க் மாநிலத்தில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் குளிர்காலம் வந்தால் ஐஸ் ஹாக்கி பார்க்கப் போய்விடுவான். தொழில்முறை ஆட்டம் இல்லை, கல்லூரிப் பையன்கள் ஆடுவது. பனிக்கட்டித் தரையில் சறுக்குக் காலணி போட்டுக்கொண்டு, பந்துக்குப் பதில் ஒரு ரப்பர் வில்லையை அடித்து விரட்டுகிறார்கள். வெயிலில் வெந்துபோன நமக்கு அந்த ஆட்டம் எதற்கு என்று கேட்கலாம். ஆட்டம் வேண்டாம், அதை அவர்கள் நடத்தும் விதம்தான் நமக்கு வேண்டும்.

அங்கே கல்லூரிகள் சில சேர்ந்து ஒரு கூட்டு வைத்துக்கொள்கின்றன. அதற்குப் பெயர் கான்ஃபரன்ஸ். இ.சி.ஏ.சி. ஹாக்கி என்ற கூட்டில் 12 கல்லூரிகள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், கார்னெல் போன்ற பேர் பெற்ற இடங்களும் உண்டு, கிளார்க்சன், செயின்ட் லாரன்ஸ், யூனியன் போன்ற சின்ன ஊர்க் கல்லூரிகளும் உண்டு. ஒவ்வோர் அணியும் மற்றப் பதினொன்றுடனும் இரண்டு தடவை ஆட வேண்டும், ஆலே ரெத்தூர் கணக்கில். ஆக, கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கும் 22 ஆட்டம். கூட்டுக்கு வெளியே ஆடுவது தனி.

இதெல்லாம் முடிந்த பிறகு, மார்ச் மாதம்தான் பிளேஆஃப் என்ற கோப்பைப் போட்டி. லீக்கில் முதல் நான்கு இடம் பிடித்தவர்களுக்கு முதல் சுற்றில் ஓய்வு. மற்ற எட்டுப் பேர் ஆளுக்கு ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். கால் இறுதியில் மூன்று ஆட்டம், அதில் இரண்டு ஜெயிப்பவர் மேலே போகலாம். அதுவும் லீக்கில் மேலே இருந்தவரின் ஊரில்தான் நடக்கும். வருஷம் முழுக்க உழைத்தவனுக்குச் சொந்த ஊர் ஜனங்களின் கைதட்டல் கூலியாகக் கிடைக்கிறது. ஒரு நாள் காய்ச்சலாலோ ஒரு நடுவரின் தவறாலோ அவன் உழைப்பு வீணாவதில்லை, மறுநாள் இன்னோர் ஆட்டம் இருக்கிறது. அரை இறுதியும் இறுதியும் மட்டும் லேக் பிளாசிட் என்ற மலை ஊரில், ஒரே வார இறுதியில். அங்கே ஜெயிப்பவர் 16 அணிகள் ஆடும் தேசியப் போட்டிக்கு நேராகப் போகலாம்.

அங்கேயும் கடைசியில் நாக் அவுட்தானே என்று கேட்பீர்கள். ஆமாம். நாக் அவுட் கடைசியில் வருகிறது என்பதுதான் வித்தியாசம். நம்மிடம் அது முதல் சுற்றிலேயே வந்துவிடுகிறது.

இந்த முறையில் சின்னவன் எழுந்து நிற்க முடிகிறது. யூனியன் கல்லூரியில் மொத்த மாணவர்களே ஏறத்தாழ 2,000 பேர்தான். 2014-ல் அந்தக் கல்லூரி தேசியக் கோப்பை இறுதியில் மினசோட்டா என்ற பெரிய பல்கலைக்கழகத்தை 7-4 என்று ஜெயித்தது. வருஷத்துக்கு ஓர் ஆட்டம் ஆடிவிட்டு இப்படி ஜெயிக்க முடியுமா?

அந்த லேக் பிளாசிட் ஊரில்தான் 1980 பிப்ரவரியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. பெரும்பாலும் கல்லூரிகளில் ஆடி வந்த இளைஞர்களைக் கொண்ட அமெரிக்க அணி, அசைக்க முடியாத சோவியத் அணியை 4-3 என்று தோற்கடித்தது. அதே வருஷம் ஜூலையில் மாஸ்கோவில் நம் சென்னை வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா ஸ்பெயினை அதே 4-3 கணக்கில் வென்று தங்கம் வாங்கியது. பாஸ்கரனும் லயோலா கல்லூரியில் ஆடி வந்தவர்தான். அதற்குப் பிறகு ஹாக்கியில் நமக்குத் தங்கம் இல்லை. டோக்கியோவிலும் பாரிசிலும் வெண்கலம் வாங்கினோம், சந்தோஷம். ஆனால் அந்த வெண்கல அணிகளுக்கு ஆட்களைத் தந்தவை பெரும்பாலும் ஹாக்கி அகாடமிகளும் விளையாட்டு விடுதிகளும்தான். கல்லூரிக்குப் போய் ஹாக்கிக்காரன் ஆனவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்திலேயே கோவில்பட்டி இருக்கிறது. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர்போன ஊர். 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரனும், அங்கே பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தியும் ஆடினார்கள். அந்த ஊரில் தெருவுக்குத் தெரு கிளப், சாயங்காலம் ஆனால் ஆட்டம். லட்சுமி அம்மாள் கோப்பைக்கு வெளியூர் அணிகள் வந்து போன பிறகும் மறுநாள் சாயங்காலம் பையன்கள் மட்டையோடு மைதானத்துக்கு வருகிறார்கள். ஆட்டக்காரன் உண்டாவது அந்தத் தினசரி ஆட்டத்தில்தான்.

இனி, என்னிடம் வழக்கமாகச் சொல்லப்படும் ஆட்சேபணைகள்.

பணம் இல்லை என்பது முதலாவது. நான் பில் பார்த்தவன், இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இருபது பேருக்குப் போக வர ரயில் கட்டணம், தினப்படி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஓர் ஆட்டத்தால் வகுத்துப் பாருங்கள். அந்தப் பணத்தில் உள்ளூரில் டவுன் பஸ்ஸில் போய்ப் பத்து ஆட்டம் ஆடலாம். உண்மையான காரணம் வேறு. டோர்னமெண்ட் என்றால் ஒரு அட்வான்ஸ், ஒரு அட்ஜஸ்ட்மெண்ட் பில், ஒரு செலவுச் சான்றிதழ், ஃபைல் குளோஸ். லீக் என்றால் வாரா வாரம் சின்னச் சின்ன வவுச்சர். ஆபீசுக்கு எது சௌகரியமோ அது விளையாட்டின் விதியாகிவிட்டது.

படிப்பு கெடும், அட்டெண்டன்ஸ் குறையும் என்பது இரண்டாவது. இப்போதைய முறையில்தான் கெடுகிறது. ஓர் ஆட்டத்துக்கு நான்கு நாள் வகுப்பு போகிறது. அமெரிக்கக் கல்லூரிகள் பெரும்பாலும் வெள்ளியும் சனியும் சாயங்காலம்தான் ஆடுகின்றன. அந்த இ.சி.ஏ.சி. கூட்டில் பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகளை ஜோடி சேர்த்து வைத்திருக்கிறார்கள். கிளார்க்சனுக்கும் செயின்ட் லாரன்ஸுக்கும் இடையில் பதினைந்து, இருபது கிலோமீட்டருக்குள்தான். வெளியூர் அணி வெள்ளிக்கிழமை ஒன்றுடனும் சனிக்கிழமை மற்றதுடனும் ஆடிவிட்டுத் திங்கட்கிழமை வகுப்பில் உட்கார்ந்திருக்கும். ஒரே பயணம், இரண்டு ஆட்டம்.

புதுச்சேரிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறு இல்லை. நம் யூனியன் பிரதேசமே நான்கு துண்டு. காரைக்கால் 130 கிலோமீட்டர், மாஹே 600-க்கு மேல், ஏனாம் சுமார் 800. மாஹே பையன்கள் மேற்குக் கடற்கரையிலிருந்து இந்தக் கடற்கரைக்கு வந்து ஓர் ஆட்டத்தில் தோற்றுத் திரும்புவது என்ன நியாயம்? வந்தால் வெள்ளிக்கிழமை லாஸ்பேட்டையில் ஓர் ஆட்டம், சனிக்கிழமை காலாப்பட்டில் ஓர் ஆட்டம் என்று ஆடிவிட்டுப் போகட்டும்.

மூன்றாவது ஆட்சேபணையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஜெயிக்காதவனுக்கு எதற்குச் செலவு என்ற நினைப்புதான் அது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஓர் ஆட்டம்தான் என்றால் எந்தக் கோச்சும் பதினான்காவது பையனை இறக்க மாட்டார். அவன் சீருடை போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டு வருவான். மூன்று வருஷமும் அப்படியே போகும். எங்கள் ஊர்க் கடற்கரையில் வலை இழுத்து உரம் ஏறிய தோளோடு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போகிற முதல் தலைமுறைப் பையன்கள் பெரும்பாலும் அந்தப் பதினான்காவது இடத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கோச்சிங் சென்டர் கிடையாது. ஆடி ஆடித்தான் கற்க முடியும், அந்த ஆட்டத்தைத்தான் நாம் கொடுப்பதில்லை.

கொடுப்பது என்ன? ஒரு சர்டிஃபிகேட். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவர்களுக்கு மத்திய அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. அந்த வேலை ஒரு மீனவக் குடும்பத்துப் பையனுக்குக் கிடைத்தால் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஓர் ஆட்டத்துக்கு ஒரு சர்டிஃபிகேட் என்று ஆனபிறகு, மட்டையைவிட அந்தக் காகிதம் பெரிதாகிவிடுகிறது. டீமில் யார் பெயர் வரவேண்டும் என்று சிபாரிசுக் கடிதம் வருகிற அளவுக்கு.

2020-ல் புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளும் இதை மாற்றவில்லை. அதுவும் ஏற்கெனவே மேலே வந்துவிட்டவர்களுக்கான மேடைதான். அடியில் கிடப்பவனுக்கு அங்கே இடமில்லை.

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. புதுச்சேரி நகரைச் சுற்றி ஆறு கல்லூரிகள் போதும். ஆலே ரெத்தூர் என்று ஆடினால் ஒவ்வோர் அணிக்கும் பத்து ஆட்டம், மொத்தம் 30 ஆட்டம். சனிக்கிழமைக்கு மூன்று வீதம் பத்து வாரத்தில் முடிந்துவிடும். செயற்கைப் புல்தரை வேண்டாம், அவரவர் கல்லூரி மைதானம் போதும். பத்து வாரத்துக்குப் பிறகு முதல் நான்கு அணிகளுக்கு அரை இறுதி, இறுதி வையுங்கள், கோப்பை கொடுங்கள், மந்திரியைக் கூப்பிடுங்கள். கடைசி இடத்து அணியும் பத்து ஆட்டம் ஆடியிருக்கும். அதிலிருந்து பொறுக்கி எடுத்த பல்கலைக்கழக அணி தென் மண்டலத்துக்குப் போனால், ஓர் ஆட்டத்தோடு திரும்பினாலும் பரவாயில்லை.

ஹாக்கி வேண்டாம், கால்பந்து, வாலிபால், கபடி எதில் ஆரம்பித்தாலும் சரி. வரும் கல்வியாண்டில் ஒரே ஒரு ஆட்டத்தில் ஆரம்பிக்கட்டும். பழைய மாணவர் சங்கங்களில் நம் வயதுக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். ஆண்டு விழா மலருக்கும் சால்வைக்கும் செலவழிப்பதில் ஒரு பங்கு நடுவர் படிக்கும் பஸ் கட்டணத்துக்கும் போதும். வவுச்சர் எழுத ஆள் இல்லை என்று சொன்னால் நான் வருகிறேன். அந்த வேலையை முப்பது வருஷத்துக்கு மேல் செய்திருக்கிறேன், சம்பளம் வேண்டாம்.